ரோமாபுரி வழியாக

லத்தீன் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு என்ன ஞாபகம் வருகிறது? வைத்தியர் எழுதிக் கொடுக்கும் மருந்துச் சீட்டு. வக்கீல்கள் கோர்ட்டில் நடுநடுவே உதிர்க்கும் இரண்டொரு வார்த்தைகள். தாவர சாஸ்திரப் புத்தகத்தில் நம் ஆலமரத்துக்கு இட்டிருக்கும் 'ஃபைகஸ் பெங்காலென்சிஸ்' என்ற வாயில் நுழையாத பெயர். அவ்வளவுதான்.

எங்கள் திண்டுக்கல் சீமையில் இன்னொரு ஞாபகமும் உண்டு. 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், பூசையை அவரவர் தாய்மொழியில் நடத்திக் கொள்ள வழி திறந்துவிட்டது. அதற்கு முன்னால் இங்குள்ள கத்தோலிக்க ஊர்களில் பூசை லத்தீனில்தான் நடந்தது. காலையில் ஏர் பிடித்த கைகளைக் கூப்பிக் கொண்டு, ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாமல், ஆனால் ராகம் பிசகாமல், குடியானவர்கள் லத்தீன் கீதங்களைப் பாடினார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஆகவே லத்தீன் நமக்கு முற்றிலும் அந்நியம் என்று சொல்வதற்கில்லை. பழக்கம் என்றும் சொல்வதற்கில்லை. திண்ணை வரை வந்து உட்கார்ந்திருந்துவிட்டு, வீட்டுக்குள் காலடி வைக்காமலே போய்விட்ட விருந்தாளி அது.

அந்த விருந்தாளியின் சொந்த வீட்டுக்கே போய், ஐந்து வருஷம் தங்கிப் படித்துவிட்டு வந்த ஒரு தமிழரைப் பற்றி இங்கே எழுதப் போகிறேன். அவர் பெயர் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தனிநாயகம் அடிகள். உலகத் தமிழ் மகாநாடுகளுக்கு வித்திட்டவர் என்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அவருக்கு டாக்டர் பட்டம் வாங்கிக் கொடுத்த முதல் ஆராய்ச்சி தமிழைப் பற்றியதல்ல. மூன்றாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவில் எழுதப்பட்ட லத்தீன் கடிதங்களை ஆதாரமாகக் கொண்டது என்பது பலருக்குத் தெரியாது. அந்த லத்தீனும் அவருடைய தமிழும் வெவ்வேறு அத்தியாயங்கள் என்றே அவர் வரலாற்றை எழுதுகிறவர்கள் பிரித்து வைத்துவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலாவது இல்லாவிட்டால் இரண்டாவது வேறு விதமாகத்தான் அமைந்திருக்கும்.

இதைப் பற்றி யோசிக்க வைத்தவர் எங்கள் ஊர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். செம்பட்டி ஒரு நாற்சந்தி ஊர். திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானலுக்குப் போகிற பஸ்கள் இங்கே நின்று, வத்தலக்குண்டைத் தாண்டி மலையேறுகின்றன. கொடைக்கானலை எட்டுவதற்குச் சற்று முன்னால் செண்பகனூர் வரும். அங்கே சேசு சபையார் 1895-ல் ஏற்படுத்திய திரு இருதயக் கல்லூரி இருக்கிறது. பழைய மதுரை மிஷனைச் சேர்ந்த பாதிரிமார்கள் எழுதிய கடிதங்களும் ஏடுகளும் அங்கே தலைமுறை தலைமுறையாகப் பாதுகாக்கப்பட்டு வந்திருக்கின்றன. ஒரு நாள் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது இந்த விஷயத்தை ஆசிரியரிடம் சொன்னேன்.

"எந்தப் பாஷையில் இருக்கு தம்பி அதெல்லாம்?" என்றார்.

"போர்ச்சுகீஸ், பிரெஞ்சு, லத்தீன் எல்லாம் கலந்து இருக்கும், வாத்தியாரய்யா."

"அப்ப சரி. செத்த பாஷையிலே எழுதினதைச் செத்தவங்கதான் படிக்கணும்! நமக்கு அதுலே என்ன கிடைக்கப் போகுது?"

பஸ் வந்துவிட்டது, அவர் ஏறிப் போய்விட்டார். கேள்வி என்னிடம் தங்கிவிட்டது.

கிடைக்கத்தான் செய்திருக்கிறது. நெல்ஸன் துரை 1868-ல் வெளியிட்ட மதுரைச் சீமையின் சரித்திரத்துக்கும், சத்தியநாத ஐயர் 1924-ல் எழுதிய மதுரை நாயக்கர் சரித்திரத்துக்கும் அந்தக் கடிதங்கள் முக்கியமான ஆதாரம். 1985 வரை திண்டுக்கல்லும் மதுரை மாவட்டத்துக்குள்தான் இருந்தது. ஆகவே நாயக்கர் காலத்தில் இந்தப் பூமியில் நடந்த படையெடுப்பு, பஞ்சம், வரிக் கொடுமை ஆகியவற்றை நாம் தெரிந்து கொள்வதில் ஒரு பகுதி, அந்நிய நாட்டுச் சாமியார் ஒருவர் தம் மேலதிகாரிக்கு எழுதிய கடிதத்தின் புண்ணியம்! ராபர்ட் தெ நோபிலி 1606-ல் மதுரைக்கு வந்து, காவி கட்டி, சைவ உணவு உண்டு வாழ்ந்தார் அல்லவா? அது சரியா தவறா என்று ஐரோப்பியர்களுக்குள்ளே பெரிய சண்டை மூண்டது. தம் கட்சியை நிலைநாட்டுவதற்காக அவர் 1613-ல் நம்முடைய பழக்கவழக்கங்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். மதுரையைப் பற்றிய நூல்தான், ஆனால் லத்தீனில்.

இதை மனத்தில் வைத்துக் கொண்டு தனிநாயகம் அடிகளின் கதைக்குள் போகலாம்.

யாழ்ப்பாணத்தை ஒட்டிய ஊர்காவற்றுறைத் தீவில் கரம்பொன் என்ற ஊரில் 1913-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சேவியர் ஸ்தனிஸ்லாஸ். தனிநாயகம் என்பது நெடுந்தீவில் வாழ்ந்த அவருடைய முன்னோரின் பெயர்; அதைப் பின்னால் அவரே விரும்பி எடுத்துக் கொண்டார். ஊர்காவற்றுறை அந்தோணியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தார். பிறகு கொழும்பில் குருமடம். எல்லாம் ஆங்கிலப் படிப்பு. வீட்டில் பேசிய தமிழ் உண்டு. சங்க நூலையோ சிலப்பதிகாரத்தையோ முறையாகப் பாடம் கேட்கும் வாய்ப்பு அந்த வயதில் அவருக்கு ஏற்படவில்லை.

1934-ல் ரோமாபுரிக்குப் போனார். அங்கே அவர் சேர்ந்த உர்பான் கல்லூரி, எட்டாம் உர்பான் பாப்பரசர் 1627-ல் நிறுவியது. ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள நாடுகளில் தொண்டு செய்யப் போகும் குருமார்களுக்காக ஏற்பட்ட இடம். ஆப்பிரிக்கர், சீனர், ஜப்பானியர், அரேபியர், மலையாளிகள், தமிழர் என்று பல தேசத்துப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். பாடம் நடப்பது லத்தீனில். பரீட்சையும் லத்தீனில்.

இந்த இடத்தில் சற்று நின்று ஒரு பழைய காட்சியைப் பார்ப்பது நல்லது. ரோம சாம்ராஜ்யம் அழிந்து போன பிறகும் லத்தீன் அழியவில்லை. தாய்ப்பால் குடித்துக் கொண்டே அதைப் பேசக் கற்றுக் கொள்கிற குழந்தை ஒன்றுகூட இல்லாமல் போன பிறகும், ஐரோப்பாவின் இடைக்காலம் முழுவதும் படிப்பு என்றால் லத்தீன்தான். தாமஸ் அக்வினாஸ் என்ற பெரிய தத்துவஞானி இத்தாலியில் பிறந்தவர்; ஜெர்மனியிலுள்ள கொலோன் நகரத்தில் ஆல்பர்ட் என்ற ஆசானிடம் படித்தார்; பாரிஸில் போய்ப் பாடம் சொன்னார். எல்லையில் அவரிடம் நீ எந்தப் பாஷைக்காரன் என்று யாரும் கேட்கவில்லை. பாஷை ஒரு ராஜாவுக்கோ ஒரு நாட்டுக்கோ சொந்தமாக இல்லாமல், அதைக் கற்றவர்கள் எல்லோருக்கும் சொந்தமாக இருந்தது. அந்தப் பழைய உலகத்தின் ஒரு கடைசித் துண்டை இருபத்தோரு வயதுத் தமிழ் இளைஞர் ரோமாபுரியில் தம் கண்ணால் கண்டார். அதை அவர் மறக்கவில்லை என்பது முப்பது வருஷம் கழித்துத் தெரியவந்தது.

அவர் எடுத்துக் கொண்ட ஆராய்ச்சிப் பொருள் விசித்திரமானது. கார்த்தேஜ் நகரம் ஆப்பிரிக்காவின் வடகரையில், இன்றைய டூனிஸ் நகரத்தின் அருகே இருந்தது. மூன்றாம் நூற்றாண்டில் அங்கே ஆயராக இருந்தவர் சிப்ரியான். 250-ஆம் ஆண்டில் டேசியஸ் சக்கரவர்த்தி எல்லாப் பிரஜைகளும் ரோமாபுரித் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று உத்தரவு போட்டான். மறுத்தவர்களுக்குச் சிறை, சித்திரவதை. சிப்ரியான் ஊரை விட்டு மறைந்து போய், மறைவிடத்திலிருந்து கடிதம் கடிதமாக எழுதித் தம் சபையை நடத்தினார். அவர் எழுதியவையும் அவருக்கு வந்தவையுமாக எண்பதுக்கு மேற்பட்ட கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன. பயந்து பலியிட்டவர்களைத் திரும்பச் சேர்க்கலாமா? தலைவன் ஓடிப் போனது சரியா? சிறையிலிருப்பவர்களுக்குச் சாப்பாடு யார் கொண்டு போவது? இப்படிப் பல கேள்விகள் அந்தக் கடிதங்களில் உயிரோடு துடிக்கின்றன. 258-ல் சிப்ரியானே வாளுக்கு இரையானார்.

இந்தச் சிப்ரியான் காலத்துக் கார்த்தேஜ் குருமார்களைப் பற்றித்தான் தனிநாயகம் அடிகள் ஆராய்ந்து, 1939-ல் இறையியலில் டாக்டர் பட்டம் பெற்றார். அதற்கு முந்திய வருஷம் குருப்பட்டமும் பெற்றிருந்தார்.

ரோமாபுரியில் உட்கார்ந்து கொண்டு ரோமாபுரியைப் பற்றி எழுதாமல், கடல் கடந்த ஓர் ஆப்பிரிக்க நகரத்தைப் பற்றி அவர் எழுதினார் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். லத்தீனில் எழுதிய பெரியவர்கள் எத்தனையோ பேர் ரோமாபுரிக்காரர்கள் அல்லர். சிப்ரியானும் அகஸ்டினும் ஆப்பிரிக்கர்கள். பாஷையின் தலைநகரம் ஒன்றாக இருக்கலாம். அதன் உயிர் பல கரைகளில் இருக்கும். தமிழுக்குச் சென்னையும் மதுரையும் எத்தனை சொந்தமோ அத்தனை சொந்தம் கரம்பொன்னும் உண்டு என்று ஒரு தீவுக்காரருக்கு இதைவிட நன்றாக வேறு எந்தப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்க முடியும்?

கடிதங்களை வைத்துச் சரித்திரம் எழுதுவது பொறுமை வேண்டுகிற வேலை. இந்தக் கடிதம் எந்த மாதம் எழுதியது, எதற்குப் பதில், ஏடு எடுத்து எழுதியவர் எங்கே பிழை விட்டார், இந்தச் சொல்லுக்கு அந்தக் காலத்தில் அந்த ஊரில் என்ன பொருள் என்று ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் ஒரு வரி எழுத வேண்டும். தாய்மொழியில் படிக்கும்போது நாம் பாதியை ஊகத்தால் நிரப்பிக் கொண்டு போய்விடுவோம். கற்றுக் கொண்ட மொழியில் அது முடியாது. "எனக்குத் தெரியும்" என்ற எண்ணத்தை அது முதலிலேயே பறித்துக் கொண்டுவிடுகிறது. இந்த வைராக்கியத்தைத்தான் லத்தீன் அவருக்குக் கொடுத்தது.

இன்னொன்றும் கொடுத்தது; அதுதான் வெட்கம். பல தேசத்துப் பிள்ளைகள் கூடியிருந்த இடத்தில், "உன் பாஷையில் என்ன இருக்கிறது?" என்று யாரேனும் கேட்டால் பதில் சொல்ல வேண்டுமல்லவா? ரோமாபுரியில் இருந்த சில தமிழ் மாணவர்களைச் சேர்த்துக் கொண்டு அவர் ஒரு சங்கம் அமைத்தார். அதற்கு இட்ட பெயர் வீரமாமுனிவர் கழகம்.

பெயர் பொருத்தத்தைப் பாருங்கள். வீரமாமுனிவர் என்ற பெஸ்கி, 1680-ல் இத்தாலியில் மாந்துவாவுக்கு அருகே பிறந்தவர். லத்தீன் படித்துவிட்டு 1710-ல் கோவாவில் வந்திறங்கி, மறுவருஷம் மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தார். தேம்பாவணி பாடினார், சதுரகராதி தொகுத்தார். ஆனால் தமிழ் கற்க வரும் அந்நியர்களுக்காகக் கொடுந்தமிழுக்கும் செந்தமிழுக்கும் அவர் எழுதிய இலக்கணங்கள் லத்தீனில் இருக்கின்றன. திருக்குறளையும் 1730-ல் லத்தீனில் பெயர்த்தார். சந்நியாசி ஆதலால் அறத்தோடும் பொருளோடும் நிறுத்திக் கொண்டு, இன்பத்துப் பாலை மரியாதையாக மூடி வைத்துவிட்டார்! இத்தாலியர் ஒருவர் லத்தீனிலிருந்து புறப்பட்டுத் தமிழுக்கு வந்தார். இருநூறு வருஷம் கழித்துத் தமிழர் ஒருவர் லத்தீனுக்குப் போய், அங்கிருந்து தமிழுக்குத் திரும்பத் தயாரானார். பாதை ஒன்றுதான்.

திரும்பி வந்த அடிகள் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் சேர்ந்து, 1940-ல் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் புனித தெரேசா பள்ளிக்கு உதவித் தலைமை ஆசிரியராகப் போனார். இங்கேதான் அவர் வாழ்க்கையின் உண்மையான திருப்பம். டாக்டர் பட்டம் பெற்றவர், ஆங்கிலம், லத்தீன், இத்தாலியன், பிரெஞ்சு என்று பல பாஷைகள் அறிந்தவர், இருபத்தேழு வயது. கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பெரிய மனிதராக உட்கார்ந்திருக்கலாம். அவர் என்ன செய்தார் தெரியுமா? பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணாக்கனாகப் போய் உட்கார்ந்தார். ஒரு கத்தோலிக்கக் குருவானவருக்கு ஒரு பிராமணப் பண்டிதர் தமிழ் சொல்லிக் கொடுத்தார். நன்னூலிலிருந்து சங்க நூல் வரைக்கும் பாடம் நடந்தது.

லத்தீனில் பேர் எடுக்கக் கூடிய ஒருவர் அதை விட்டுவிட்டுத் தமிழில் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார் என்றால், அது லேசான தியாகமல்ல. ஐரோப்பாவிலேயே இருந்திருந்தால் கிறிஸ்தவத்தின் பழைய சரித்திரம் எழுதும் அறிஞர் கூட்டத்தில் ஒருவராக நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அங்கே ஆயிரம் பேரில் ஒருவர். இங்கே அவர் செய்ய வேண்டியிருந்த வேலைக்கு இரண்டாவது ஆள் கிடையாது.

1945-ல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் மீண்டும் மாணவராகச் சேர்ந்து, தமிழில் எம்.ஏ. முடித்தார். தொடர்ந்து, பழந்தமிழ்ப் பாட்டில் இயற்கை என்ற பொருளில் ஆராய்ந்து எம்.லிட். பட்டம் பெற்றார். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்திணைகளை நம் பண்டிதர்கள் உரையாசிரியர்களைக் கொண்டு விளக்கினார்கள். அடிகள் கிரேக்கக் கவிகளும் லத்தீன் கவிகளும் காட்டையும் கடலையும் எப்படிப் பார்த்தார்கள் என்பதைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நிலத்தையும் பொழுதையும் மனித மனத்தின் நிலையோடு இப்படி இலக்கணமாகவே பிணைத்து வைத்த கவிமரபு அபூர்வம் என்பது அந்த ஒப்பீட்டில்தான் துலங்குகிறது. "எங்கள் மொழிபோல் உண்டா?" என்று மேடையில் கேட்பது சுலபம். மற்ற மொழிகளைப் படித்துவிட்டுக் கேட்பது கஷ்டம். அவர் கஷ்டமான வழியில் கேட்டார்.

1952-ல் 'தமிழ்க் கல்ச்சர்' என்ற ஆங்கில முத்திங்கள் இதழைத் தொடங்கினார். 1966 வரை அது நடந்தது. தமிழ் அறியாத வெளிநாட்டு அறிஞர்களும் தமிழைப் பற்றி நம்பகமாகத் தெரிந்து கொள்ள வேண்டும் என்பது நோக்கம். அதே வருஷத்தில் இலங்கைப் பல்கலைக் கழகத்தில் விரிவுரையாளரானார். கோடை விடுமுறை வந்தால் ஐரோப்பாவின் நூல்நிலையங்களில் போய்ப் புகுந்து கொள்வார். அப்படிப் புகுந்ததில்தான் அவருடைய லத்தீன் படிப்பு வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது.

தமிழில் அச்சேறிய பழைய புத்தகங்களின் கதை வேடிக்கையானது. 1554-ல் போர்ச்சுகல் தேசத்து லிஸ்பனில் ஒரு சிறு தமிழ் வேதபாடப் புத்தகம் ரோமன் எழுத்தில் அச்சாகியிருக்கிறது. 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. அது பதினாறே பக்கம். 1679-ல் மலையாள நாட்டு அம்பலக்காட்டில், அந்தாம் தெ புரோயென்சா தொகுத்த தமிழ் - போர்ச்சுகீஸ் அகராதி வெளிவந்தது. புரோயென்சா மதுரை மிஷனில் பாடுபட்ட பாதிரியார். அகராதி அச்சாவதற்குப் பதின்மூன்று வருஷம் முன்னாலேயே, 1666-ல், இறந்து போனவர். 16,000-க்கு மேற்பட்ட சொற்கள் அதில் இருக்கின்றன. மதுரைச் சீமையில் முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஜனங்கள் வாயில் வழங்கிய சொற்களும் அவற்றின் பொருளும்! பண்டிதர் எழுதிய நிகண்டில் இது கிடைக்காது.

இந்தப் புத்தகங்கள் எல்லாம் நம் நாட்டில் செல்லரித்துப் போய்விட்டன. மிஞ்சிய ஒன்றிரண்டு பிரதிகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நூல்நிலைய அலமாரிகளில் கிடந்தன. லத்தீனும் போர்ச்சுகீஸும் படித்த நூல்நிலையக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் படித்த நம் புலவர்களுக்கு அந்தப் பட்டியல்களைப் புரட்டும் பாஷை தெரியாது. பூட்டு ஓர் ஊரில், சாவி வேறோர் ஊரில். இரண்டையும் கையில் வைத்திருந்த ஒருவர் வந்து சேர வேண்டியிருந்தது. புரோயென்சாவின் அகராதியை அடிகள் 1954-ல் வத்திக்கான் நூல்நிலையத்தில் கண்டார். 1966-ல் அதை அப்படியே நிழற்படப் பதிப்பாகக் கோலாலம்பூரில் வெளியிட்டார். லிஸ்பன் புத்தகத்தைப் பற்றியும் எழுதித் தமிழ் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டு வந்தார்.

உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து பரண்களிலிருந்து ஏடுகளை இறக்கினார். சீவக சிந்தாமணியை 1887-ல் பதிப்பித்தார். அவருக்கு நானூற்றெழுபது வருஷம் முன்னால் போஜ்ஜோ என்ற இத்தாலியர் மடம் மடமாக அலைந்து, 1417-ல் லுக்ரீஷியஸின் லத்தீன் காவியத்தை மீட்டார். ஐயரவர்கள் விட்ட இடம் கடலுக்கு அப்பால் இருந்தது. அங்கே போக மாட்டுவண்டி போதாது, லத்தீன் வேண்டும். அந்தப் பயணத்தைத் தனிநாயகம் அடிகள் செய்தார்.

1956-ல் சிங்களம் மட்டும் என்ற சட்டம் இலங்கையில் வந்தது. தமிழரின் மொழி உரிமைக்காக அடிகள் எழுதினார், பேசினார். 1961-ல் மலாயாப் பல்கலைக் கழகத்தின் இந்தியத் துறைக்குத் தலைவராகக் கோலாலம்பூர் போனார். 1969 வரை அங்கே இருந்தார்.

1964 ஜனவரியில் புதுடில்லியில் கீழ்த்திசை அறிஞர்களின் சர்வதேச மகாநாடு கூடியது. அங்கே வந்திருந்த தமிழறிஞர்களை ஒன்று சேர்த்து, உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் பிறந்தது. பேராசிரியர் வ. ஐ. சுப்பிரமணியமும் அடிகளும் அந்த முயற்சியில் முன்நின்றார்கள். தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பிரெஞ்சுக்காரரான ஃபிலியோஸா. செயலாளர்கள் இருவர்: ஒருவர் அடிகள், மற்றவர் செக்கோஸ்லோவாக்கியா தேசத்துக் கமில் சுவலபில். ஆங்கிலேயரான பரோ, அமெரிக்காவின் எமனோ, டச்சுக்காரரான கைப்பர் ஆகியோரும் கூட நின்றார்கள்.

வாசகர்களுக்கு இப்போது ரோமாபுரி ஞாபகம் வரவேண்டும். பல தேசத்தார் கூடி, ஒரே பாஷையைப் பொதுச் சொத்தாக வைத்து, நீ எங்கே பிறந்தவன் என்று கேளாமல் உழைக்கிற அந்தப் பழைய இடைக்கால ஏற்பாடு! தாமஸ் அக்வினாஸ் காலத்து லத்தீனுக்கு இருந்த பெருமையைத் தமிழுக்கு ஏற்படுத்த முடியும் என்று அடிகள் நம்பினார். முதல் மகாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்தது. இரண்டாவது 1968 ஜனவரியில் சென்னையில். அப்போதுதான் கடற்கரையில் சிலைகள் எழுந்தன. வள்ளுவருக்கும் கம்பருக்கும் அண்மையில் வீரமாமுனிவருக்கும் போப்பையருக்கும் இடம் கிடைத்தது. மூன்றாவது 1970-ல் பாரிஸில்.

ஊர்வலமும் அலங்கார வண்டிகளும் சேர்ந்த பிறகு, மகாநாடு திருவிழா ஆகிவிட்டது என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. அடிகளே பெரிய ஆராய்ச்சி நூல்களை எழுதாமல் அமைப்பு வேலையில் காலத்தைச் செலவிட்டுவிட்டார் என்றும் சொல்கிறார்கள். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அவர் எழுதியிருக்கக் கூடியதில் பாதிகூட எழுதவில்லை என்றே எனக்கும் தோன்றுகிறது. ஆனால் கோலாலம்பூர் மகாநாடு நடந்த அதே 1966-ல் அவர் வெளியிட்ட இன்னொரு புத்தகத்தைப் பார்க்க வேண்டும். தமிழ் ஆராய்ச்சிக்கு உதவும் பிறமொழி நூல்களின் வழிகாட்டிப் பட்டியல் அது. கைதட்டல் கிடைக்காத வேலை. பந்தலுக்கு நடுவே நின்று கொண்டே பட்டியல் தயாரித்த மனிதர் அவர்.

நான்காவது மகாநாடு 1974 ஜனவரியில் அவருடைய சொந்த யாழ்ப்பாணத்தில் நடந்தது. கடைசி நாளான ஜனவரி 10-ந் தேதி மாலை, வீரசிங்கம் மண்டபத்தின் முன்னால் திரண்டிருந்த ஜனங்கள் மீது போலீஸார் பாய்ந்தார்கள். குழப்பத்தில் மின்கம்பி அறுந்து விழுந்தது. தமிழ் கேட்க வந்தவர்களில் பலர் பிணமானார்கள். சக்கரவர்த்தியின் உத்தரவுக்கு நடுவே ஒரு நகரம் எப்படி நடுங்கியது என்பதை முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் சிப்ரியானின் கடிதங்களில் வரிவரியாகப் படித்தவர் அவர். அதிகாரம் மனிதர்களின் நம்பிக்கை மீது கை வைத்தால் என்ன ஆகும் என்பது அவருக்குப் புத்தகத்தில் முன்பே தெரிந்திருந்தது. அது சொந்த ஊர்த் தெருவுக்கே வந்துவிட்டது.

1980 செப்டம்பர் 1-ந் தேதி, அறுபத்தேழாவது வயதில், யாழ்ப்பாண மண்ணில் அடிகள் காலமானார். நான்கு மாதம் கழித்து, 1981 ஜனவரியில், எங்களுக்கு அடுத்த மதுரையில் ஐந்தாவது மகாநாடு நடந்தது. அது அவர் இல்லாத முதல் மகாநாடு.

வாத்தியாரய்யாவின் கேள்விக்கு என் பதில் இதுதான். செத்த பாஷை என்று ஒன்று கிடையாது. படிக்க ஆள் இல்லாத பாஷைதான் உண்டு. ஒரு தமிழர் லத்தீனை ஒழுங்காகப் படித்ததால், மதுரைச் சீமையின் 16,000 சொற்கள் முந்நூறு வருஷ உறக்கத்திலிருந்து எழுந்தன. அவருக்குப் பின் அந்தப் படிப்பைத் தொடர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். சேசு சபையைச் சேர்ந்த இராசமாணிக்கம் அடிகள் தெ நோபிலியின் லத்தீன் நூல்களை எடுத்துப் பதிப்பித்தார். அப்படி இன்னும் நாலு பேர் வேண்டும். நம்முடைய சரித்திரத்தில் ஒரு பங்கு லத்தீனிலும் போர்ச்சுகீஸிலும் டச்சிலும் இருக்கிறது. அதைப் பிறர் படித்துச் சொல்லும் வரை காத்திருப்பது நம் வீட்டுப் பத்திரத்தை அடுத்த வீட்டுக்காரரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வதுபோலத்தான்.

தமிழ்ப் பற்று உள்ள இளைஞர்களுக்கு இக்காலத்தில் குறைவில்லை. அவர்களில் ஒருவருக்காவது தமிழுக்காகவே லத்தீன் படிக்கலாம் என்று தோன்றினால் போதும். அதற்கு ரோமாபுரி வரை போக வேண்டும் என்பதில்லை. செம்பட்டியில் பஸ் ஏறினால் செண்பகனூரிலேயே வேலை காத்திருக்கிறது.